கோவை போய் டெக்ஸா எடுத்து வந்த கதை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலில் ஜெல் தடவி ஒரு சின்ன மெஷினில் வைத்துப் பார்த்து, நார்மல் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கால்சியம் டப்பாவையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது, எனக்கோ நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தாகிவிட்டது, போதாக்குறைக்கு ஆளும் ஒல்லி. எலும்பு பலவீனமாக இத்தனை காரணம் இருக்கிறதே!

எலும்பு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குதிகால் டெஸ்டை வைத்து ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) இல்லை என்று சொல்லிவிட முடியாதும்மா, இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் டெக்ஸா, அதாவது எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே ஸ்கேன், எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பாலக்காடு பக்கம்தான், ஆனால் தங்கச்சி வீடு கோவையில் என்பதால் அங்கேயே போனேன்.

முந்தின நாள் கால்சியம் மாத்திரை போடக் கூடாது, சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றார்கள். ஊக்கு, கொக்கி எதுவும் இடுப்புப் பக்கம் இருக்கக் கூடாதாம். தாலிக்கொடியை மேலே ஏற்றிக் கழுத்தோடு டேப் போட்டு ஒட்டினார் ஸ்கேன் எடுக்கும் பெண். குகை மாதிரி எதற்குள்ளும் தள்ளவில்லை, படுத்தால் மேலே மெஷினின் கை மட்டும் நகர்கிறது. முதுகுக்குக் காலை ஒரு பெட்டி மேல் தூக்கி வைத்தார்கள், இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டினார்கள், அவ்வளவுதான். கதிர்வீச்சும் ரொம்பக் கம்மி.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு நம் எலும்பு அடர்த்தியை ஒப்பிடும் எண். மைனஸ் 1-க்கு மேலே இருந்தால் கவலையில்லை, அதிலிருந்து மைனஸ் 2.5-க்குள் அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ். எனக்கு இடுப்பு மைனஸ் 1.9, முதுகு மைனஸ் 2.7. இரண்டில் எது மோசமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். எங்கேயும் ஒரு வலி கிடையாது, முகாம் சீட்டில் வேறு நார்மல்!

அப்புறம் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, கிட்னி என்று ரத்தம் எடுத்தார்கள், பல்லையும் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். இப்போது எலும்பு தேய்வதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒன்று, 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கிடையாது (அதுதான் கொடுமை).

ஆம்பளைகளும் கவனியுங்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை போடுபவர்கள் டெக்ஸா எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த ஸ்கேனும் அதே சென்டரில்தான். மெஷின் மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாதாம், ஆக பாலக்காடு கணக்கிலேயே இல்லை.