பின்சீட்டுக்கு அடியில் தொடங்கும் வேலை

முன்சக்கரத்தில் ஓடும் காரைப் பின்சக்கரத்தில் ஓடும்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பேசுவது எஞ்சினைப் பற்றித்தான். எந்த எஞ்சின் போடலாம், டர்போ வைக்கலாமா, பவர் எவ்வளவு வரும். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பின்சீட்டைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பெரும்பாலும் அங்கே இருப்பது பெட்ரோல் டேங்க். அதற்குப் பின்னால் ஸ்டெப்னி வைக்கிற பள்ளம். எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் உட்கார வேண்டிய இடத்தை இவை இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடும். தகராறு எப்போதும் ஃப்ளோரில்தான்.

அந்த ஃப்ளோர் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1959-இல் வந்த மினி காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே சேர்த்துவிட்டார். 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா காரில் ஃபியட் பொறியாளர் டான்டே ஜியாகோசா கியர்பாக்ஸை எஞ்சினின் ஓரத்தில் வைத்தார். இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வழியில்தான் வருகின்றன. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டை ஒழித்து, அந்த இடத்தை உள்ளே உட்காருகிறவர்களுக்குக் கொடுப்பது. அதைத் திரும்பப் பிடுங்குவதுதான் எங்களிடம் கேட்கப்படும் வேலை.

இடத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, வருகிறவர்களில் ஒருவருக்கும் அது தோன்றுவதில்லை. முன்சக்கரக் காரின் பின்சக்கரம் சும்மா உருண்டு வருகிறது. பிரேக் போட்டால் பின்பக்கமாக இழுக்கும், பள்ளத்தில் இறங்கினால் மேலே இடிக்கும், அவ்வளவுதான். காரை முன்னால் தள்ளும் வேலையை அது செய்ததே இல்லை. பின் ஆக்ஸிலைத் தாங்கும் ரப்பர் புஷ், அது மாட்டியிருக்கும் தகடு எல்லாம் அந்தக் கணக்கில் செய்தவை. 150 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தரும் சாதாரண எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் விகிதம் 3.5, டிஃபரென்ஷியலில் வரும் கடைசி விகிதம் 4 என்றால் சக்கரத்துக்குப் போவது 2,100 நியூட்டன் மீட்டர். சக்கரத்தை முன்னால் சுற்றும்போது டிஃபரென்ஷியல் அதே அளவு டார்க்கோடு மூக்கைத் தூக்கப் பார்க்கும். முன்பு இதை எஞ்சின் மவுன்ட்டுகள் தாங்கின. இப்போது ஸ்டெப்னிப் பள்ளத்தின் மெல்லிய தகடு தாங்க வேண்டும். அது தாங்காது, கிழியும். அதனால்தான் நல்ல டிங்கர் ஒருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே மாட்டேன். டிஃபரென்ஷியல் மவுன்ட்டை இரண்டு பக்கச் சேசிஸ் நீளச் சட்டங்களோடு குறுக்குச் சட்டம் போட்டு இணைக்க வேண்டும். தகட்டின் மேல் தகடு ஒட்டி வெல்டிங் அடிப்பதைப் பலப்படுத்துவது என்று சொல்ல முடியாது.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, இதே மாடலுக்கு நாலு சக்கர இயக்கம் கொண்ட வகை வந்திருக்கிறதா என்பது. வந்திருந்தால் பாதி நிம்மதி. அந்த வண்டியின் பின் ஃப்ளோர், சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம், டேங்க், சக்கரம் மாட்டும் ஹப் எல்லாவற்றையும் கொண்டுவந்து மாட்டலாம். டேங்க் நடுவில் ஷாஃப்டுக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் தொங்கும்படி இருக்கும். சிலர் இன்னும் சுலபமாக நினைப்பார்கள்: அந்த நாலு சக்கர வண்டியையே வாங்கி முன் டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டால் போதாதா? முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்க நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கும் வண்டியில் அப்படிக் கழற்றினால், சக்தி முழுவதும் தடையில்லாத முன்பக்கம் போய்ச் சும்மா சுற்றும், வண்டி நகராது. அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்ட வேண்டும். பூட்டினாலும், சக்தியைப் பின்னால் திருப்பிவிடும் பெவல் கியர் முழு டார்க்குக்காகச் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது பாதி சுமைக்கே போட்டது.

முன் ஷாஃப்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்றிய பிறகு ஹப்பை அப்படியே விட்டு ஓட்டக் கூடாது. பல கார்களில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது டிரைவ் ஷாஃப்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் தண்டும் அதன் நட்டும்தான். அந்தத் தண்டை மட்டும் வெட்டி எடுத்து உள்ளே வைத்து, சொன்ன டார்க்குக்கு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் பிரிந்து சக்கரம் ஆடும், கழன்றே போகலாம். எங்கள் பட்டறைப் பையன் ஒருவன், "சும்மா சுத்துற சக்கரம்தானே அண்ணே, அதுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றான். நியாயமான கேள்விதான். ஹப்பைப் பிரித்துப் பேரிங்கைக் கையில் கொடுத்த பிறகு அவன் அதைக் கேட்கவில்லை.

எஞ்சினை நீளவாக்கில் திருப்புவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வேலை, ஆனால் அதற்கு முன்னுதாரணம் நிறைய உண்டு. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின் ஏஇ86 காரில் நீளவாக்கில் நின்று பின்சக்கரத்தை ஓட்டியது, எம்ஆர்2 காரில் குறுக்கே நின்றது. பிளாக்குக்கு எந்தத் திசை என்பது பொருட்டில்லை, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத்தான் பொருட்டு. குறுக்கு எஞ்சின் காரில் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் ஓரம் கிடக்கும். எஞ்சினைத் திருப்பினால் சம்ப்பும், எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கும் நேராக அதன் மேல் வந்து உட்காரும். சம்ப்பை வெட்டி ஆழமான பகுதியை முன்னால் தள்ள வேண்டும், ஆயில் உறிஞ்சும் குழாயையும் கூடவே நகர்த்த வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் வேகமாக ஏறும்போது ஆயில் பின்னால் ஓடி, பம்ப் காற்றைக் குடிக்கும்.

அப்புறம் டனல். நடு ஃப்ளோரை வெட்டித் திறந்து, கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் ஒரு கூரை கட்ட வேண்டும். சீட் மவுன்ட் நகரும், ஹேண்ட்பிரேக் கேபிள் நகரும், சைலன்சர் பைப் வேறு பாதை தேடும். இதெல்லாம் நேரம் தின்னும் வேலை, புத்தியைத் தின்பதில்லை. புத்தியைத் தின்பது ஷாஃப்டின் கோணம். ஷாஃப்டின் முனையில் இருக்கும் மூட்டான கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வேகம் சீராக இருக்காது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். முன் ஜாயின்ட் கெடுப்பதைப் பின் ஜாயின்ட் சரிசெய்ய வேண்டுமென்றால் இரண்டு கோணமும் சமமாக, கியர்பாக்ஸ் தண்டும் டிஃபரென்ஷியலுக்குள் போகும் பினியன் தண்டும் இணையாக, ஜாயின்ட்டைப் பிடிக்கும் ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை நான் விடுவேன். பூஜ்யமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் போட்டுவிடும். ஷாஃப்ட் நீளமானால் இரண்டாக வெட்டி நடுவில் பேரிங் போட்டாக வேண்டும், முன்பாதியைச் சுற்றி ஒரு இரும்பு வளையமும் வேண்டும். முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும்.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டையும் பிரிக்காமல் அப்படியே தூக்கிப் பின்சீட்டு இடத்தில் வைத்துவிடுவது. ஃபியட் 1972-இல் 128 காரின் பாகங்களைக் கொண்டு எக்ஸ்1/9-ஐ இப்படித்தான் செய்தது. ஷாஃப்ட் கிடையாது, டனலில் தண்ணீர்க் குழாய், கியர் கேபிள், பிரேக் லைன் மட்டும் போனால் போதும். முன் சப்ஃபிரேமையே பின்னால் போட்டால் ஸ்டியரிங் ரேக் இருந்த இடத்தில் சக்கரத்தைத் திருப்பும் டை ராடுகளை அசையாமல் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரமும் திரும்பும். என் அபிப்பிராயத்தில் பொறியியலாக இதுதான் சுத்தமான வழி, எடையும் உந்துதலும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் பின்சீட்டு போய்விடும். குடும்பத்தோடு போகிற காரை இப்படிச் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்சக்கரக் காரில் எடையின் 60 சதவீதமோ அதற்கு மேலோ முன்னால் இருக்கும். டிரைவை மட்டும் பின்னால் மாற்றினால் லேசான பின்பக்கம் சுலபமாக வழுக்கும். பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு டிரிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். ஃபிரெட்ரிக் ஆஸ்போ 2015-இல் அமெரிக்காவின் ஃபார்முலா டிரிஃப்ட் பந்தயத்தில் பட்டம் வென்ற சயான் டிசி கார், கடையில் முன்சக்கர வண்டியாக விற்றது. அதைப் பின்சக்கரத்துக்கு மாற்றித்தான் ஓட்டினார். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் 1998-இல் இறங்கிய ஃபோர்டு டாரஸ் இன்னும் சாமர்த்தியம். அடியில் முழுக்கப் பின்சக்கர ரேஸ் சேசிஸ், மேலே டாரஸ் உருவம் மட்டும். வசதி இருக்கிறவர்கள் காரை மாற்றுவதில்லை, காரின் தோலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் மின்சாரம். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கு எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்று ஒரு நம்பிக்கை எழுதி வைத்திருக்கும். பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டதாக நினைத்து ஏதாவது செய்யும், விளக்குகள் வரிசையாக எரியும். பெரும்பாலும் அதை அணைத்துவிட்டு ஏபிஎஸ் மட்டும் உயிரோடு இருக்கும்படி பார்ப்போம், முன்பின் பிரேக் பங்கீட்டையும் புதிதாக அளப்போம். அப்படி அணைத்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கொடுக்க எனக்கு மனம் வராது. பதிவு, காப்பீடு, ஆய்வு என்று பட்டியலைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரில் பலர் டிராக்கில் மட்டும் ஓட்டுகிறேன் என்பார்கள். அவர்களுடன்தான் உட்கார்ந்து எந்த எஞ்சின் என்று பேச ஆரம்பிப்பேன்.