மதினியின் உளி

செம்பு 0.31 சதவீதம். பழைய இரும்பை உருக்கி எஃகு செய்யும் எங்கள் ஆலையின் ஆய்வகத்தில், போன மாதம் ஓர் இரவு ஷிப்டில், எஃகில் என்னென்ன உலோகம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும், மாதிரியை மறுபடி தேய்த்து வைத்துப் பொறி விட்டுப் பார்த்தேன். மாறவில்லை. அந்த ஹீட்டுக்கு, அதாவது உலையில் ஒரு தடவை உருக்கும் சரக்குக்கு, வாடிக்கையாளர் சொன்ன உச்சவரம்பு 0.20. உலையில் 60 டன் உருகிக் கிடக்கிறது, வெப்பம் 1,600 டிகிரியைத் தாண்டிவிட்டது. "என்ன செய்யலாம் மேடம்?" என்று ஷிப்ட் இன்சார்ஜ் போனில் கேட்கிறார்.

பாஸ்பரஸ் கூடிவிட்டால் சுண்ணாம்பு போட்டுக் கசடோடு இழுத்துவிடலாம். கார்பன் கூடினால் ஆக்சிஜன் ஊதலாம். செம்பு இதற்கெல்லாம் மசியாது. ஆக்சிஜனோடு சேர இரும்பு முந்திக்கொள்வதால் செம்பு எஃகுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது மேல்பரப்பில் இரும்பு துருவாகி உதிர, அதன் அடியில் செம்பு சேர்ந்துகொண்டே போய் எஃகின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையில் ஊடுருவி வெடிப்பு விடும். கணக்குப் போட்டேன். அந்த 60 டன்னில் 186 கிலோ செம்பு கரைந்திருந்தது. யாரோ பிரிக்காமல் விட்ட மோட்டார்கள், கம்ப்ரசர்கள், வயர்கள்.

அந்த ஹீட்டைக் கட்டடக் கம்பிக்குத் திருப்பிவிட்டார்கள். அடுத்து வந்த ஹீட்டுகளில் ஸ்பாஞ்ச் இரும்பின் (தாதுவை உருக்காமலே ஆக்சிஜனைப் பிரித்து எடுக்கும் இரும்பு) பங்கைக் கூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த உத்தரவுதான்.

நான் வளர்ந்தது தாராவியில், 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அப்பா அங்கே பழைய இரும்புக் கடை வைத்தார். ஊரில் காயலான் கடை என்போம், இங்கே பங்கார் கடை. அப்பா போன பிறகு அண்ணன் நடத்துகிறான். உலோகவியலில் டிப்ளமோ முடித்த நான், நவி மும்பைக்கு அப்பால் மின்வில் உலை வைத்திருக்கும் ஓர் உருக்காலையின் ஆய்வகத்தில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். ஆக, என் வீட்டு இரும்பு போய்ச் சேரும் இடம்தான் என் அலுவலகம்.

மின்வில் உலை சுத்தமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன், காரணத்தோடு நம்புகிறேன். ஊது உலையில் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கோக் எரித்தாக வேண்டும். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். பழைய இரும்பில் அந்த வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது. கிராஃபைட் எலக்ட்ரோடுகளை இறக்கி மின்வில்லை மூட்டி உருக்கினால் போதும். டன்னுக்குச் சுமார் 400 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால் 280 கிலோ. எலக்ட்ரோடு தேய்வது, நாங்கள் ஊதும் கார்பன், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்தாலும் ஊது உலையின் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க நல்ல ஸ்கிராப்பை நம்பி நிற்கிறது. ஸ்கிராப்பில் செம்பு ஏறினால் அதை நீர்க்கச் செய்யச் செம்பில்லாத இரும்பு வேண்டும். இங்கே கைக்கு எட்டுவது ஸ்பாஞ்ச் இரும்பு. உலகத்திலேயே அதிகமாக ஸ்பாஞ்ச் இரும்பு தயாரிப்பது இந்தியா, அதில் பெரும்பகுதி ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துச் சூளைகளில் நிலக்கரி போட்டுச் செய்வது. அதோடு வரும் மண்ணும் சிலிக்காவும் உருகக் கூடுதல் மின்சாரம் வேண்டும், கசடும் பெருகும். அப்படிச் செய்த எஃகின் முழுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஊது உலை எஃகைவிட மேல் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. எங்களிடம் இருப்பது புகைபோக்கி மட்டும்தான், புகை எங்கேயோ ஒடிசாவில் எழுகிறது.

அந்த இரவுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போயிருந்தேன். மதினி ஒரு பழைய தண்ணீர் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பார்க்கும் வேலை, அன்றைக்குத்தான் உட்கார்ந்து கவனித்தேன். போல்ட்டுகளைக் கழற்றி நடுவிலிருக்கும் உருளையை உருவி வைத்தார். மீதி வளையத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, சுருள் வெளியே பிதுங்கும் இடத்தில் உளியைச் சாய்த்து வைத்து ஓர் அடி. வளையத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னோர் அடி. சுற்றி வந்ததும் ஒரு பக்கத்துச் செம்பு மொத்தமாகக் கழன்றது. வெட்டுப்பட்ட இடம் மட்டும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. பிறகு கவிழ்த்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பியை வைத்துத் தட்டினார். வார்னிஷ் இறுகிப் பிடித்திருந்ததால் லேசில் வரவில்லை. வந்தபோது பொரிந்த காகிதத்தோடு கொத்தாக வந்தது. மதினியின் இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருக்கிறது.

"சின்ன மோட்டாரையும் இப்படிப் பிரிப்பீர்களா?" என்று கேட்டேன்.

"மிக்ஸி மோட்டார் வரைக்கும் பிரிப்பேன். அதற்குக் கீழே கூலி கட்டாது. அப்படியே இரும்போடு போய்விடும்" என்றார்.

என் 186 கிலோ இந்தப் பதிலில்தான் இருந்தது.

வயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் சந்தில் வயரைக் குவித்து எரித்துத்தான் செம்பு எடுப்பார்கள். பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகும் என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் அழுதே சண்டை போட்டேன். அண்ணன் இப்போது உறை உரிக்கும் சின்ன இயந்திரம் வைத்திருக்கிறான். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கதிர்வீச்சு வீசும் கோபால்ட்-60 கருவி ஒன்று உடைக்கப்பட்டு ஒரு தொழிலாளி இறந்ததிலிருந்து, கனமாக மூடிய ஈயப் பாத்திரம் எதையும் எங்கள் கடையில் தொடுவதில்லை.

ஆலையின் குற்றம் என்று ஒன்றும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மதினியைப் பற்றி மட்டும் எழுதினால் நியாயமாகாது. அது தூசி. துத்தநாகம் பூசிய தகடுகள் உலையில் விழுந்ததும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதோடு ஈயமும் காட்மியமும் சேர்ந்து, காபிப் பொடி நிறத்தில், முகப் பவுடரைவிட மெல்லியதாக வடிகட்டிப் பைகளில் படியும். டன்னுக்கு 10 முதல் 20 கிலோ. அமெரிக்காவில் இதை அபாயகரமான கழிவு என்றே பட்டியலிட்டிருக்கிறார்கள். நான் முதலில் வேலை பார்த்த ஆலையில் இந்தத் தூசியைச் சாக்குகளில் கட்டி வெட்டவெளியில் அடுக்கியிருந்தார்கள். ஜூலை மழையில் சில சாக்குகள் கிழிந்து, பழுப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியே வெளியே ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவே இல்லை. கொட்டகைக்குள் வைத்து, துத்தநாகத்தை மீட்கும் சூளைகளுக்கு அனுப்பினால் அதே தூசி சரக்கு. மழையில் விட்டால் விஷம். இன்றைக்கு இருக்கும் ஆலையில் கொட்டகை இருக்கிறது. இருந்தும் மழை தொடங்கும் வாரத்தில் நானே போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு நட்சத்திரம் வகுத்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே கரியமில வாயு உமிழ்வு இருந்தால் மூன்றில் தொடங்கி, 1.6க்குக் கீழே போனால் ஐந்து. நல்ல காரியம், எண் இல்லாமல் எந்த ஆலையும் திருந்தாது. மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் டாடா ஸ்டீல், பிரிட்டனில் போர்ட் டால்பட்டின் கடைசி ஊது உலையை 2024 செப்டம்பரில் மூடிவிட்டு மின்வில் உலைக்கு மாறுகிறது. இப்படி ஒவ்வொரு நாடும் தன் பழைய இரும்பைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கினால், நமக்குக் கப்பலில் வரும் ஸ்கிராப் குறையும் என்றே நினைக்கிறேன். அப்போது நாம் நிற்கப்போவது தாராவி, குர்லா கடைகளின் வாசலில்தான்.

எங்கள் கொள்முதல் பிரிவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் கலக்காத ஸ்கிராப்புக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் விலை, பிரித்துக் கொடுப்பவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும். அந்த ஒரு ரூபாய் கிடைத்தால் மிக்ஸியைவிடச் சின்ன மோட்டாருக்கும் கூலி கட்டும் என்று மதினி சொல்கிறார். பதில் இன்னும் வரவில்லை. போன ஞாயிறு போனபோது கடை மூலையில், செம்பு எடுத்த தகடுகளை மட்டும் தனிச் சாக்கில் கட்டி, மேலே கரியால் "ஆலை" என்று எழுதி வைத்திருந்தார்.