இருவர் கூடாரத்தில் இருவர் படுக்கலாம், இருக்க முடியாது

டர்பனிலிருந்து கேப் டவுன் வரை மிதிவண்டியில் செல்வதற்காக நானும் என் மனைவியும் கூடாரம் தேடத் தொடங்கியபோது, உறையின் மேல் அச்சிட்டிருக்கும் ஆள் கணக்கை நம்புவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். இருவருக்கென விற்கப்படும் கூடாரங்களில் பெரும்பாலானவற்றின் அகலம் சுமார் 130 செ.மீ.தான். அகலமான காற்று மெத்தை ஒன்று 64 செ.மீ. இருக்கும்; இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் கண்ணாடியையும் கைவிளக்கையும் வைக்கக்கூட இடம் மிஞ்சாது. மூவர் கூடாரம் சுமார் 170 செ.மீ. அகலம் தரும், அதற்காகக் கூடும் எடையோ பல மாடல்களில் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கிறது. முதுகில் சுமப்பவருக்கு அது பெரிய விஷயம். இரண்டு வண்டிகளின் கேரியரில் பிரித்துக் கட்டுபவர்களுக்கு அப்படியல்ல.

தரையளவை மட்டும் பார்ப்பதும் போதாது. சுவர்கள் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால், நடுவில் உயரம் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் கோடைக்காலப் பிற்பகல்களில் இடியுடன் மழை பிடித்துக்கொண்டால் மணிக்கணக்கில் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கும் என்பதால், கடையில் விரித்து வைத்திருக்கும் கூடாரத்துக்குள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாசலுக்கு முன் மேல்துணி நீண்டு மறைக்கும் பகுதிதான் கூடாரத்தின் திண்ணை. நனைந்த பைகளும் சேறு படிந்த காலணிகளும் அங்கே தங்கிவிட்டால் உள்ளே உலர்ந்திருக்கும். உணவுப் பையை மட்டும் அங்கே விடக் கூடாது. கடற்கரை முகாம்களில் திரியும் வெர்வெட் குரங்குகள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரே எடைக்கு அதிக இடம் தருவது சுரங்க வடிவக் கூடாரம். ஆனால் முளை அடிக்காமல் அது நிற்காது, தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியான கரூவின் பாறைத் தரையிலோ முளை எளிதில் இறங்காது. ஆகவே குறுக்குக் கம்பிகளால் தானே நிற்கும் வகையே எங்களுக்கு ஏற்றதாகப்பட்டது. அதற்கும் காற்றில் கட்டுக் கயிறு வேண்டும். முளை இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டலாம். கோடையில் கேப் பகுதியில் வீசும் தென்கிழக்குக் காற்றை எண்ணினால் அந்தக் கயிறுகளை வீட்டில் விட்டுச் செல்லத் துணிவு வராது.

வறண்ட நிலத்தில் நெருஞ்சி முள் டயரை மட்டுமல்ல, தரைத்துணியையும் துளைக்கும் என்பதால் அடிவிரிப்பு ஒன்று தனியாக வேண்டும். மடித்த கம்பிகளின் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 45 செ.மீ. நீளமுள்ளவை பக்கப் பைக்குள் அடங்காமல் கேரியரின் மேல் போகும், 30 செ.மீ. ஆக மடிபவை வளைந்த கைப்பிடிக்கு இடையிலேயே அடங்கிவிடும், விலைதான் சற்றுக் கூடுதல்.

கம்பிகளும் முளைகளும் மனைவியின் வண்டியில், துணிகள் என் வண்டியில் என்று பிரித்துக்கொண்டோம். நனைந்த மேல்துணிக்குத் தனிப் பை வைத்திருக்கிறோம். அது உறங்கு பையோடு சேர்ந்துவிட்டால் அன்றிரவு எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை.