'யெஸ்' போட்டால் மசோதா செத்துப்போகும்: வர்ஜீனியா செனட் சண்டைகளைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் மொத்தம் 40 இடங்கள். 2023 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19. ஒரே ஓர் இடம் மாறியிருந்தால் 20-20. சமநிலையை உடைக்கும் ஓட்டு அன்று குடியரசுக் கட்சியின் துணை ஆளுநரிடம் இருந்தது. ஒரு தொகுதி வேட்பாளருக்காக ஃபேஸ்புக்கில் இரவு முழுக்க அடித்துக்கொள்வது ஏன் என்பது இதிலேயே புரியும்.

சண்டையில் அதிகம் வீசப்படுவது ஓட்டுப் பதிவின் ஸ்கிரீன்ஷாட். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். செனட் கமிட்டியில் ஒரு மசோதாவை ஓரங்கட்ட 'பாஸ் பை இன்டெஃபினிட்லி' என்று தீர்மானம் கொண்டுவருவார்கள். 'பாஸ்' என்ற சொல் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. மசோதாவை அந்தக் கூட்டத்தொடருக்குக் குழிதோண்டிப் புதைப்பது அது. அதற்கு 'யெஸ்' போட்டவர் மசோதாவை எதிர்த்தவர், 'நோ' போட்டவர்தான் காப்பாற்ற நினைத்தவர். மேலே இருக்கும் தீர்மான வரியை வெட்டிவிட்டுப் பெயரையும் 'யெஸ்' என்பதைக் குறிக்கும் 'ஒய்' எழுத்தையும் மட்டும் காட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். இரண்டு கட்சி ஆதரவாளர்களும் இதைச் செய்கிறார்கள், பலர் தெரியாமலே.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். மசோதா எண்ணை எடுங்கள்: 'எஸ்பி' என்று தொடங்கினால் செனட்டில் பிறந்தது, 'எச்பி' என்றால் கீழவையில். ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள், ஏனென்றால் அதே எண் வேறொரு கூட்டத்தொடரில் வேறு மசோதாவுக்கு வரும். சட்டமன்றத்தின் எல்ஐஎஸ் என்ற தகவல் இணையதளத்தில் மசோதாவின் வரலாறு தேதிவாரியாக இருக்கும். அதில் கடைசி வரி வரை போக வேண்டும். மறுபரிசீலனை கேட்டு ஒரே மசோதாவுக்கு இரண்டு மூன்று முறை ஓட்டெடுப்பது அங்கே சாதாரணம். தவறாகப் பொத்தானை அழுத்தியவர் திருத்திக்கொண்ட பிறகும், முதல் ஓட்டின் படம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பட்ஜெட் மசோதாவை எதிர்த்தவரை 'ஆசிரியர் சம்பள உயர்வை எதிர்த்தார்' என்று எழுதுவதும் இதே வகை. பட்ஜெட்டில் ஆயிரக்கணக்கான செலவினங்கள், ஓட்டு ஒன்றுதான்.

அடுத்தது பணம். வர்ஜீனியாவில் வேட்பாளருக்கு நன்கொடை தர உச்சவரம்பே கிடையாது, கணக்கு காட்டினால் போதும். 'டொமினியன் எனர்ஜியிடம் (மின்சார நிறுவனம்) பணம் வாங்கினார்' என்று பதிவு வந்தால், நன்கொடைக் கணக்குகளைத் தொகுத்துத் தரும் விபிஏபி தளத்தில் இரண்டு வேட்பாளர்களின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அந்த நிறுவனம் இரண்டு கட்சிகளுக்கும் கொடுக்கும். 'இத்தனை மில்லியன் திரட்டினார்' என்ற தொகையில், கட்சியே வாங்கிக் கொடுத்த விளம்பரம் போன்ற பொருளுதவியும் கலந்திருக்கும்.

தொகுதி எண்ணிலும் குழப்பம் உண்டு. 2021 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தொகுதி எல்லைகளின் புதிய வரைபடத்தை ஏற்றபோது எண்கள் மாறின. 2019-ல் 10-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் கிளென் ஸ்டர்டவன்ட்டைத் தோற்கடித்த ஜனநாயகக் கட்சியின் கசாலா ஹாஷ்மி, 2023-ல் 15-ஆம் தொகுதியில் வென்றார். ஸ்டர்டவன்ட் அதே தேர்தலில் 12-இலிருந்து செனட்டுக்குத் திரும்பினார். பழைய 10-இன் முடிவை இன்றைய 10-க்குப் பொருத்தி வாதிடுவது வீண்.

மாநிலத்தின் வடக்கே உள்ள லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) நம் ஊர்க்காரர்கள் நிறைய. அங்கே மாநில செனட் வேட்பாளரிடம் எச்-1பி, கிரீன் கார்டு பற்றிக் கேட்டு மல்லுக்கு நிற்கிறார்கள். அது வாஷிங்டனில் முடிவாகும் விஷயம். பள்ளி நிதி, டேட்டா சென்டர்களுக்கான வரிச்சலுகை, மாநில வருமான வரி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றுக்குச் செனட்டில் ஓட்டுப் போடப்போகிறவர் அந்த வேட்பாளர்தான்.

தேர்தல் இரவில் 'முன்னிலை மாறிவிட்டது, மோசடி' என்ற கூச்சல் கிளம்பும். பெரிய கவுண்டிகளின் முன்கூட்டிய வாக்குகள் தாமதமாக ஏறினால் வரிசை மாறத்தான் செய்யும். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்ற தபால் வாக்குகள் அந்த வார வெள்ளிக்கிழமை நண்பகல் வரை வந்து சேரலாம். நெருக்கமான தொகுதியில் அதற்கு முன் யார் வெற்றி என்று எழுதினாலும் அது ஊகம்தான்.