ஒன்றரைக் கிலோ பிள்ளையும் தடைக்கால நோட்டும்

தங்கச்சியின் குறைமாதப் பிள்ளையை நெஞ்சோடு கட்டி வளர்த்த கதை இது, அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத நேரமில்லை, ஏன் நேரமில்லை என்பதுதான் இந்தப் பதிவே.

பங்குனிக் கடைசியில் என் தங்கச்சிக்கு வலி வந்துவிட்டது, தேதிப்படி பார்த்தால் இன்னும் ஏழு வாரம் பாக்கி. தங்கச்சிமடத்திலிருந்து வண்டி கிளம்பி பாம்பன் பாலம் தாண்டும்போதே பனிக்குடம் உடைந்து, மருத்துவமனை போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1620 கிராம். "ஒரு விளமீன் எடைகூட இல்லையே மதினி" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசைப்படகில் போகிறவர், கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார், அந்தப் பழக்கம்.

2500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது கணக்கு. எங்களுடையது அதிலும் கிட்டத்தட்ட 900 கிராம் கம்மி. பிள்ளையைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் சூட்டு விளக்குக்குக் கீழே வைத்துவிட்டார்கள், தாய் வேறு மாடியில். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு பாட்டி, தங்கச்சி காதுபடவே "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசம் தங்காது" என்றது. இந்தப் பேச்சை எங்கள் பக்கம் கேட்காத வீடு கிடையாது. வயிற்றில் ஒரு வாரம் கூடினால் பிள்ளைக்கு அவ்வளவு தெம்பு கூடும், ஏழைவிட எட்டு நல்லது, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் வெறும் மடியோடு படுத்திருக்கிறவளுக்கு அதெல்லாம் ஏறாது. இரண்டு நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் பீய்ச்சச் சொன்னார்கள், ஒரு மூடி அளவுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சிஸ்டர் வந்து, "முன்பக்கம் திறக்கிற மாதிரி நைட்டி போட்டுட்டு வாம்மா, பிள்ளையை நெஞ்சுல போடணும்" என்றார். என் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கில் குழாய் இருக்கிறது, பிள்ளையைத் தொடவே பயமாக இருக்கிறது, துணியில்லாமல் நெஞ்சில் போட்டால் தொற்று வராதா என்று அம்மா கேட்க, சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "இங்க இருக்கிற கிருமியைவிட அம்மா உடம்புல இருக்கிற கிருமி பிள்ளைக்கு நல்லது பாட்டி" என்றார். ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் உண்மையாகவே அப்படித்தான். தாயின் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் முதலில் இடம் பிடித்துக்கொண்டால், மருத்துவமனையில் சுற்றும் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் குறைகிறது. இப்படி வளர்க்கும் பிள்ளைகளுக்குத் தொற்று கணிசமாகக் குறைவு.

வைத்த விதத்தைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் குல்லா, கால் உறை, இடுப்பில் ஒரு துணி, அவ்வளவுதான், மற்றபடி வெற்றுடம்பு. இரண்டு மார்புக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக, தவளை மாதிரி காலை மடக்கி, கையையும் மடக்கி, வயிறு தாயின் மேல்வயிற்றில் படுகிற மாதிரி. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், கழுத்து நெஞ்சுப் பக்கம் மடங்கினால் மூச்சு அடைபடும், ரொம்பப் பின்னாலும் சாயக்கூடாது, முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரியணும் என்று. அப்புறம் ஒரு பருத்தித் துணியால் பிள்ளையின் காதுக்குக் கீழே வரை இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, சாய்வாக உட்காரச் சொன்னார். தங்கச்சி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் போனதும் ஒரு விரலால் பிள்ளையின் முதுகைத் தொட்டாள். அதற்கப்புறம் கையை எடுக்கவில்லை.

என் மகன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு "சித்தி கங்காருவா?" என்றான். இதற்குப் பெயரே கங்காரு முறைதான். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே சனாப்ரியா என்கிற டாக்டர் ஆரம்பித்து வைத்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள், ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வந்தது, நாள்கணக்கில் பார்க்காமல் இருந்த தாய்மார் சிலர் பிள்ளையை விட்டுவிட்டே போனார்கள். கங்காரு குட்டி விரல் நுனி அளவில் பிறந்து பையில்தானே வளர்கிறது, இங்கே பையாகத் தாயே இருக்கட்டும் என்று செய்து பார்த்தார். பெட்டி இல்லாத குறைக்கு வந்த வழி, இப்போது பெட்டி இருக்கிற இடத்திலும் இதையே செய்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். இந்தச் சித்திரை வெயிலில், இந்தப் புழுக்கத்தில், பிள்ளைக்கு எதற்குச் சூடு? நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றரைக் கிலோ பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே கிடையாது, நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது, நமக்கு வேர்த்து ஊற்றுகிற அறையிலேயே அதற்குக் குளிரும். குளிர்ந்தால் குடிக்கிற பால் முழுவதும் சூட்டுக்கே செலவாகி, எடை ஏறாது, மூச்சும் தடுமாறும். தாயின் நெஞ்சு அந்தச் சூட்டைக் கொடுக்கிறது, அதுவும் சும்மா இல்லை, பிள்ளையின் உடம்புக்குத் தக்கபடி தாயின் மார்புச் சூடு ஏறி இறங்குமாம். அதோடு தாயின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் கூடவே ஓடுவதால், மாதம் நிறையாத பிள்ளைகள் மூச்சை மறந்து நின்றுவிடுவதும் குறைகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் பிள்ளை நெஞ்சில் இருந்த நேரத்தை அட்டையில் எழுதினார்கள்: 2 மணி 40 நிமிடம். எங்களுக்கு ரொம்பப் பெருமை. சிஸ்டர் பார்த்துவிட்டு, "பத்தாது" என்றார். ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் நாள் முழுக்க என்பதுதான் 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிள்ளை தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம், தானாக மூச்சு விட முடியாத நிலை, அதிர்ச்சி நிலை இப்படி ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தவிர மற்றதெல்லாம் பிறந்தவுடனே நெஞ்சுக்குப் போகலாம் என்றும் சொன்னது. அதற்கு முந்தின வருடம் ஒரு பெரிய ஆய்வு வந்திருந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 1000 முதல் 1799 கிராம் வரை எடையுள்ள 3211 பிள்ளைகள். ஒரு பாதிக்குப் பிறந்தவுடனே நெஞ்சு, மறுபாதிக்கு வழக்கம்போலத் தேறிய பிறகு. 28 நாளுக்குள் இறந்தது முதல் பாதியில் நூற்றுக்கு 12, மற்றதில் 15.7. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபிறகும் மறுபாதியைக் காக்க வைப்பது சரியில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அதில் என் கண்ணில் பட்டது இன்னொரு எண். உடனே ஆரம்பித்த பிள்ளைகள் தீவிர சிகிச்சையில் இருந்தபோதே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம் நெஞ்சில் இருந்திருக்கின்றன. மற்ற பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம்.

17 மணி நேரம்! எல்லாரும் இதைக் காசு செலவில்லாத வைத்தியம் என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிள்ளை பெற்றவள் நாளைக்குப் பதினேழு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் உலை வைப்பது யார், தண்ணி பிடிப்பது யார், மூத்தவனைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? காசுக்குப் பதில் ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் "கங்காரு செய்யவில்லையா" என்று தாயைத் திட்டுவதைப் போல அநியாயம் வேறு இல்லை.

எங்களுக்கு ஆள் கிடைத்தது மீன்பிடித் தடைக்காலத்தால். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இருக்காது, வீடு நிறைய ஆள் இருக்கும். பதினாறாம் நாள் 1720 கிராமோடு பிள்ளை வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வீட்டுக்காரர் கரையில்தான் இருந்தார். மருத்துவமனையில் அந்த வார்டுக்குள் ஆம்பிளைகளை விடவில்லை, எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. அப்பன் நெஞ்சிலும் சூடு இருக்கத்தானே செய்கிறது? வீட்டுக்கு வந்த அன்றே குளித்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, "எனக்குக் கட்டு மதினி" என்று வந்து நின்றார். நெஞ்சு முடி குத்துமோ என்று ஒரே கவலை. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

படகில் மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பதைப் போல நேரத்தைப் பங்கு பிரித்தோம். படகுச் செலவு எழுதும் நீள நோட்டு சும்மாதானே கிடக்கிறது என்று அதையே எடுத்து, தாய்க்கு ஒரு பத்தி, தகப்பனுக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி. ஒரு தடவை கட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சும்மா சும்மா எடுத்துப் போட்டால் பிள்ளைக்குத்தான் அலுப்பு. அம்மாவுக்கு முதுகுவலி, அதனால் சமையல். இரவு முழுக்கத் தங்கச்சி, சுவரோரம் தலையணை அடுக்கி அரைச்சாய்வில் படுப்பாள், மல்லாந்து தட்டையாகவோ ஒருக்களித்தோ படுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மின்விசிறி பிள்ளைமேல் படாமல் திருப்பி வைத்தோம். நாலே நாளில் நோட்டில் 14 மணி, 15 மணி என்று வர ஆரம்பித்தது. ஒரு நாள் 18.

பால் விஷயம். மருத்துவமனையில் இரண்டாம் தடவை நெஞ்சில் போட்டபோதே அவள் நைட்டி நனைந்துவிட்டது. பிள்ளைக்கு உறிஞ்ச வலுவில்லாததால் முதலில் குழாய், பிறகு பாலாடை. புட்டிப்பால் பக்கமே போகக்கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பு. வீட்டில் அம்மா பால்சுறா வாங்கி, அவித்து, உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசைந்து, பூண்டைக் கொட்டிப் புட்டு செய்து கொடுத்துவிட்டு, பால் ஊறினதே அதனால்தான் என்று தெருவெல்லாம் சொன்னார். சுரக்க வைத்தது சுறாவா, நெஞ்சில் கிடந்த பிள்ளையா என்று எங்களுக்குள் இன்றுவரை சண்டை. பிள்ளைதான் என்பேன். தோலோடு தோல் கிடக்கும்போது தாய்க்கு ஆக்சிடோசின் சுரக்கிறது, பால் இறங்குவதற்கான ஹார்மோன் அதுதான். ஆனால் புட்டு நன்றாக இருந்தது, நானும் சாப்பிட்டேன்.

அம்மாவோடு வேறு சண்டையும் போட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை போட வேண்டும் என்று சட்டியோடு வந்தார், சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணியும் தயார். மூன்றையும் நிறுத்தினோம். குளிப்பாட்டினால் உடம்பு குளிரும், புகை அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கூடாது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு ராத்திரி பயந்தோம். பிள்ளையைத் துடைத்துத் துணி மாற்ற எடுத்தது, பேச்சு வாக்கில் கால்மணி நேரம் வெளியிலேயே கிடந்துவிட்டது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வயிறும் பாதமும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் குளிர்ந்தால் பிள்ளை குளிரத் தொடங்கிவிட்டது. இரண்டுமே குளிர்ந்தால் ஆபத்து. பாதம் ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது, வயிறு சூடாக இருந்தது. உடனே தகப்பன் நெஞ்சில் கட்டி மேலே போர்த்தினோம், அரை மணி நேரத்துக்கொரு தடவை பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு மணி நேரத்தில் சூடு வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சில் முனகல் கேட்டாலோ, விலா உள்ளிழுத்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தாலோ நாங்கள் யோசிக்காமல் 108ஐக் கூப்பிட்டிருப்போம். கங்காரு முறை ஆஸ்பத்திரிக்கு மாற்று இல்லை. ஹரியானாவில் 8402 பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தபோது முதல் மாதச் சாவு 30 சதவீதம் குறைந்தது, ஆனால் அங்கேயும் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு என்ன லாபம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், தாய்க்கு என்ன என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். நிறைமாதம் சுமக்கத் தெரியாதவள் என்ற பேச்சை அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை, ஆனால் அதைத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறாள், பின்னாளில் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே நின்றபோது அது ஆஸ்பத்திரிப் பிள்ளை மாதிரி இருந்ததாம், நெஞ்சில் வந்ததும்தான் என் பிள்ளை என்று தோன்றியதாம். பத்து நாளில் பிள்ளை அழுவதற்கு முன்பே பசி என்று சொல்ல ஆரம்பித்தாள், நாங்கள் நேரம் பார்த்து எழுதியதைவிட அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. இப்படிப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் தாய்மாருக்குப் பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

வைகாசி முடிவதற்கு முன்பே, 45ஆம் நாள், எடை 2510. அன்றைக்கெல்லாம் துணிக்குள் நிற்க மாட்டேன் என்று உதைக்க ஆரம்பித்துவிட்டாள், கையை வெளியே எடுத்துத் தகப்பன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள். இப்படிப் பிள்ளையே நெளிந்து வெளியே வரும்போது விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிய துணி இப்போது தூளியாகத் தொங்குகிறது.

போன வாரம் அந்த நோட்டைப் புரட்டினேன். 45ஆம் நாள் பக்கத்தில் தகப்பன் பத்தியில் "1 மணி 10, உதைக்கிறாள்" என்று என் கையெழுத்து. அடுத்த பக்கத்தில் அவர் கையெழுத்தில், ஜூன் 14 என்று தேதி போட்டு, டீசல், ஐஸ் 40 பார், அரிசி.