பண்ணைக் கடலில் பார்த்த மணல் உப்புக்கொத்திகள்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் எமது பாடசாலையில் உயர்தர வகுப்பில் விலங்கியல் கற்பித்த ஆசிரியர், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று உயிரினப் பாகுபாட்டின் படிகளை ஒரே மூச்சில் ஒப்புவிப்பவனை மெச்சியதாக எனக்கு நினைவில்லை. கடல் வற்றும் வேளை பார்த்து எம்மைப் பண்ணைத் தாம்போதிக்கு அழைத்துச் சென்று, சேற்றில் ஓடி நின்று கொத்தும் சிறு பறவைகளைக் காட்டி, "பெயரைப் பிறகு சொல், முதலில் அலகைப் பார்" என்பார். தடித்து நீண்ட அலகும் உயர்ந்த காலும் கொண்டது பெரு மணல் உப்புக்கொத்தி. குறுகிய அலகுடையது சிறு மணல் உப்புக்கொத்தி. குளிர்காலச் சாம்பல் இறகில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பங்குனி, சித்திரையில் அவை முட்டையிட வடக்கே புறப்படுமுன் மார்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும்போது, சிறியதன் நெற்றி கறுத்து வருவதை அவர் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் குறிப்பின் பெறுமதி அன்று எமக்குப் புரியவில்லை.

அக்காலப் பாகுபாட்டின்படி சிறு மணல் உப்புக்கொத்தி ஒரே இனம், அதற்குள் ஐந்து உப இனங்கள். உருசியப் பேரரசின் பணியிலிருந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பாலாஸ், மங்கோலிய எல்லையை அண்டிய உப்பேரிகளின் பக்கம் கண்ட பறவைக்கு 1776இல் சரத்ரியஸ் மங்கோலஸ் என்று, சாதிப் பெயரும் இனப் பெயருமாக, இருசொற் பெயரிட்டார். வங்காளத்திலிருந்து கிடைத்த கருநெற்றிப் பறவையை 1829இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வாக்லர் சரத்ரியஸ் அட்ரிஃப்ரொன்ஸ் என விவரித்தார். பின்வந்தோர் இரண்டையும் ஒன்றாக்கியபோது, மூத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி பாலாஸின் பெயர் நிலைத்தது. வாக்லரின் பெயர் உப இனத்துக்கு இறங்கியது. பெரியதன் பெயரோ எமக்கு இன்னும் அண்மையானது: 1826இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசன் இட்ட லெஷ்னோல்ட்டியை என்ற அப்பெயர், புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷ்னோவைக் குறிப்பது, முதல் மாதிரியும் புதுச்சேரிப் பறவையே.

2022இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது. இமயம், திபெத்து, பாமீர் மலைகளில் முட்டையிடும் கருநெற்றிக் கூட்டம், சைபீரியாவில் முட்டையிடும் மங்கோலஸ் கூட்டத்தைவிடப் பெரு மணல் உப்புக்கொத்திக்கே நெருங்கிய உறவு என்று அது காட்டியது. அப்படியாயின் "சிறு" என்று நாம் ஒரே கூட்டில் அடைத்தவை ஒரு தாய் மக்கள் அல்ல. அளவு ஒத்திருந்ததைக் கொண்டு உறவு கற்பித்திருக்கிறோம். அடுத்த ஆண்டே உலகப் பறவைப் பட்டியல்கள் அவற்றைச் சைபீரிய மணல் உப்புக்கொத்தி, திபெத்திய மணல் உப்புக்கொத்தி என இரு இனங்களாகப் பிரித்தன. வாக்லரின் பெயர் மீண்டும் இனப்பெயராயிற்று. இனத்துக்கு அடுத்த மேல்படியான சாதியும் பின்னர் மாறியது. நியூசிலாந்தில் அலகு எப்போதும் வலப்புறம் வளைந்திருக்கும் ஒரு விசித்திரப் பறவைக்கு இட்டிருந்த அனரின்கஸ் என்ற சாதிக்குள் இவற்றையும் சேர்த்துவிட்டார்கள். நேரான அலகுடைய எமது பறவைக்கு அந்த வீடு பொருந்தவில்லை என்று எனக்கு இப்போதும் ஒரு சிறு மனக்குறை உண்டு. மரபணுச் சான்றின் முன் என் மனக்குறை எடுபடாது.

சாதி மாறியதால் இன்னொரு நுணுக்கமும் நேர்ந்தது. முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் இப்போது அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. முதலில் இட்ட சாதியில் இப்பறவை இன்று இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். கையால் எழுதும்போது சாதிப் பெயருக்கும் இனப் பெயருக்கும் தனித்தனியே அடிக்கோடிடாவிட்டால் புள்ளியைக் குறைத்த எமது ஆசிரியர், இந்த அடைப்புக்குறியை மறந்தவனையும் விட்டிருக்க மாட்டார்.

நான் இப்போது வாழும் பிரிஸ்பேனின் மோர்ட்டன் குடாவுக்கு வருவது சைபீரிய இனம். யாழ்ப்பாணத்தில் நாம் பார்த்துவந்தது திபெத்திய இனம். இங்கே வருபவை வழியில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுநிலங்களில் இறங்கி இரை தேடுகின்றன. அந்நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டதில் இப்பறவைகள் பெரிதும் குறைந்துபோயின. அவுஸ்திரேலிய அரசு 2016இல் சிறு மணல் உப்புக்கொத்தியை அருகிவரும் இனமாக அறிவித்தபோது, பட்டியலில் இருந்தது பிரிப்புக்கு முந்திய பெயர். திபெத்திய இனம் பறக்கும் வழியும் தங்கும் கரைகளும் வேறு. ஆகவே இரண்டையும் சேர்த்து எண்ணிய பழைய கணக்குகளைக் கொண்டு, பண்ணைக் கடலுக்கு வருபவை பெருகுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல முடியாது. அவற்றைத் தனியாக எண்ணியாக வேண்டும்.