அளவு சொல்லி வாங்கிய போல்ட்டுகள்

காரின் என்ஜின் அடித்தகட்டையும் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் தாங்கியையும் கழற்றியபோது பல போல்ட்டுகள் துருவேறித் தலை மழுங்கிப் போயிருந்தன. சில முறிந்தே வந்தன. தயாரிப்பாளரின் உதிரிப்பாகப் பிரிவில் ஒவ்வொன்றும் தனி எண் ஒட்டிய உறையில் வருகிறது. அதற்குக் கேட்ட விலை எனக்கு எரிச்சலூட்டியது. சிலவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் சொன்னார்கள். பொது அளவுமுறையில் எங்கும் செய்யப்படும் பொருளுக்கு எதற்கு இந்தக் காத்திருப்பு?

விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பரும், மரையின் இடைவெளி பார்க்கப் பல் வெட்டிய தகடுகள் கொண்ட பிட்ச் கேஜும் எடுத்து உட்கார்ந்தேன். மரையின் வெளிவிட்டம் 7.8 அல்லது 7.9 மி.மீ. காட்டினால் அது எம் 8, அதாவது பெயரளவில் 8 மி.மீ. விட்டமுள்ள போல்ட். அளந்தது பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். தவறவிடக் கூடாதது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையே மி.மீ. கணக்கில் உள்ள தூரம். வெறுமனே எம் 10 என்று கேட்டால் பெரும்பாலும் 1.5 பிட்ச்தான் கைக்கு வரும். ஜப்பானியக் கார்களிலோ 1.25 பரவலாக இருக்கிறது. மாறிப்போனால் ஓரிரு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். அதனால் கேஜின் பற்களை மரையில் பதித்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். 1.5 தகட்டின் ஓரமாக வெளிச்சம் கசிந்தது. 1.25 இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது.

தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. அது வலிமைத் தரம். முதல் 8 இழுவிசை வலிமையை, அதாவது அறுபடாமல் தாங்கும் உச்ச இழுப்பைச் சொல்கிறது: 800 மெகாபாஸ்கல். இரண்டாவது 8, அதில் 80 சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள்.

தொழிற்கூடங்களுக்குச் சரக்கு தரும் போல்ட் நட் கடையில் சீட்டை நீட்டினேன்: எம் 10, 1.25, நீளம் 40, தரம் 8.8, துத்தநாகப் பூச்சு. உறையில் வரும் ஒன்றின் விலைக்குக் கைநிறையக் கிடைத்தது. பளபளக்கும் ஏ2-70 துருப்பிடிக்காத எஃகையும் காட்டினார்கள். அது 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கும் என்பதால் தாங்கிக்கு வேண்டாம் என்றேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. பழைய போல்ட்டின் தலை அகலம் 14 மி.மீ., புதியதன் தலை 17. குழிவான ஓர் இடத்தில் சாக்கெட் நுழையவில்லை. அந்த ஒன்றைப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில், மரை சிதையாததாகப் பார்த்து எடுத்தேன்.

பிரேக், ஸ்டீயரிங், இருக்கைப் பட்டை ஆகியவற்றின் போல்ட்டுகளுக்குத் தயாரிப்பாளரின் விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பேன். ஒருமுறை நீண்டதும் தூக்கி எறிய வேண்டிய சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளும் அப்படித்தான். பம்பரின் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அந்தக் கவலை இல்லை. துளையின் விட்டமும் தகடுகளின் தடிமனும் பொருந்தினால் போதும்.

மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் விரலாலேயே சில சுற்றுகள் ஏற்றினேன். அத்தனையும் வழுக்கிக்கொண்டு உள்ளே போன பிறகே, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சை எடுத்தேன்.